ஏட்டில் ஏறிய வழக்கம்: சட்ட வரலாற்றறிஞர் அகமது இப்ராஹிம்



தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்த நம் குடும்பங்களில் 'சட்டம்' என்ற சொல்லுக்கு நெடுங்காலம் ஒரே பொருள்தான் இருந்தது. அது மேலேயிருந்து வருவது. துரையின் ஆபீசிலிருந்து அல்லது போலீஸ் நிலையத்திலிருந்து வருவது. வந்தால் நமக்கு நல்லது செய்யாதது. இந்த எண்ணம் காரணமில்லாமல் ஏற்பட்டதன்று. 19-ஆம் நூற்றாண்டில் ஒப்பந்தக் கூலிகளாக மலாயாவுக்கு வந்த நம் முன்னோர், காலக்கெடு முடியுமுன் தோட்டத்தை விட்டு வெளியேறினால், வேலை போவதோடு விஷயம் முடியவில்லை. அது குற்றமாகக் கருதப்பட்டது. சிறைக்கும் போக நேர்ந்தது. அந்த ஒப்பந்த முறை 1910-இல் முடிவுக்கு வந்தது. ஆனால் சட்டத்தைக் கண்டு ஒதுங்கும் பழக்கம் அந்த ஆண்டோடு போய்விடவில்லை. அது லயத்து வீடுகளில் தாய் தந்தையரிடமிருந்து பிள்ளைகளுக்கு இறங்கி வந்தது.

சட்டம் வானத்திலிருந்து விழுவதில்லை. அதை யாரோ ஒருவர், ஏதோ ஒரு காலத்தில், ஏதோ ஒரு தேவைக்காக எழுதுகிறார். ஆகவே அதற்கும் ஒரு வரலாறு உண்டு. அந்த வரலாற்றை அறிந்தவர்கள் சட்டத்தைக் கண்டு அஞ்சுவதில்லை. அதைத் திருத்தவும் முற்படுகிறார்கள். அப்படி வரலாற்றையும் சட்டத்தையும் ஒருங்கே கற்று, தம் கையாலேயே சட்டங்களை எழுதிய ஒருவரைப் பற்றி இன்று நாம் பேசுவோம். அவர்தான் பேராசிரியர் அகமது இப்ராஹிம். சிங்கப்பூரில் பிறந்தவர், இந்திய வமிசாவளியினர், சிங்கப்பூர்க் குடியரசின் முதல் தலைமைச் சட்ட அதிகாரி.

முதலில் ஒரு சிறு விளக்கம் தேவை. அகமது இப்ராஹிம் என்ற பெயரில் அதே காலத்தில் சிங்கப்பூரில் ஓர் அமைச்சரும் இருந்தார். தொழிற்சங்கத்திலிருந்து அரசியலுக்கு வந்த அவர் 1962-இல் காலமானார். ஜூரோங் பக்கம் செல்வோர் காணும் ஜாலான் அகமது இப்ராஹிம் என்ற சாலை அந்த அமைச்சரின் நினைவாகப் பெயர் பெற்றது. நாம் பேசப் போகிறவர் வேறு. அவர் சட்ட அறிஞர்.

சட்ட அறிஞர் அகமது இப்ராஹிம் 1916-ஆம் ஆண்டு மே மாதம் 15-ஆம் நாள் சிங்கப்பூரில் பிறந்தார். ராஃபிள்ஸ் பள்ளியிலும் பிறகு ராஃபிள்ஸ் கல்லூரியிலும் படித்தார். அக்காலத்தில் காலனி மாணவர்களுக்குக் கிடைத்த மிகப் பெரிய பரிசு 'குவீன்ஸ் ஸ்காலர்ஷிப்' எனப்பட்ட உபகாரச் சம்பளம். அதைப் பெற்று இங்கிலாந்து சென்று, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் பயின்றார். லண்டனில் பாரிஸ்டர் தகுதியும் பெற்றார். அதே சமயம் உலகப் போர் கிழக்கே பரவியது. 1942 பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. பிரிட்டிஷ் சட்டம், பிரிட்டிஷ் நீதிமன்றம், பிரிட்டிஷ் அதிகாரம் எல்லாம் என்றும் நிலையானவை என்று நம்பியிருந்த ஒரு தலைமுறை, அவை ஒரு நாளில் சரிந்ததைக் கண்ணாரக் கண்டது.

இந்த மனிதர் பிறந்த சிங்கப்பூரில் எந்தச் சட்டம் நடந்தது என்பதை இனிப் பார்ப்போம். அதை அறியாமல் அவர் செய்த வேலையின் அருமை விளங்காது.

1819-இல் ராஃபிள்ஸ் சிங்கப்பூரில் கால் வைத்தார். 1826-ஆம் ஆண்டு நவம்பர் 27-ஆம் நாள் இங்கிலாந்து அரசர் பெயரால் ஒரு நீதிச் சாசனம் வழங்கப்பட்டது. பினாங்கு, சிங்கப்பூர், மலாக்கா மூன்றுக்கும் சேர்த்து ஒரு நீதிமன்றம் ஏற்பட்டது. அந்த நாளிலிருந்து ஆங்கிலச் சட்டமே இவ்வூர்களின் அடிப்படைச் சட்டம் என்று நீதிபதிகள் முடிவு கட்டினார்கள். ஆனால் ஆங்கிலச் சட்டத்தோடு இன்னொன்றும் கப்பலேறி வந்தது. 1867 ஏப்ரல் 1 வரை இந்த மூன்று ஊர்களும் இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் ஆட்சியின் பொறுப்பிலேயே இருந்தன. அதனால் இந்தியாவில் எழுதப்பட்ட சட்டங்கள் இங்கே எளிதாகக் குடியேறின. இந்தியத் தண்டனைச் சட்டம் 1860-இல் இயற்றப்பட்டது. அதையே முன்மாதிரியாகக் கொண்ட தண்டனைச் சட்டம் 1872 முதல் இங்கே நடைமுறைக்கு வந்தது. சாட்சியச் சட்டமும் அவ்வாறே 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சட்டத்தைத் தழுவி 1893-இல் வந்தது.

இதற்கு நாமெல்லாரும் அறிந்த ஓர் அடையாளம் உண்டு. ஏமாற்றுக்காரனை நம் ஊரில் 'ஃபோர் ட்வென்டி' என்கிறோம் அல்லவா? மோசடிக் குற்றத்துக்கான 420-ஆம் பிரிவிலிருந்து பிறந்த பேச்சு அது. இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டம் வந்து அந்த எண் மாறிவிட்டது. ஆனால் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் மோசடிக்கு இன்றும் அதே 420-ஆம் பிரிவுதான். நம் தாத்தா பாட்டிமாரைப் போலவே அந்த எண்ணும் கடல் கடந்து வந்து இங்கே நிலைத்துவிட்டது.

திருட்டு, அடிதடி, மோசடி ஆகியவற்றுக்கு எல்லா இனத்தாருக்கும் ஒரே சட்டம் போதும். திருமணம், மணவிலக்கு, சொத்துப் பங்கு ஆகியவற்றுக்கு என்ன செய்வது? இங்கே வந்து குடியேறிய சீனர், தமிழர், மலாய்க்காரர், அரபியர் எல்லாரும் தத்தம் வழக்கத்தையும் கொண்டுவந்தார்கள். அந்த வழக்கங்களை ஆங்கில நீதிபதி அறியமாட்டார். ஆகவே, யாரையாவது சாட்சிக் கூண்டில் ஏற்றி, 'உங்கள் வழக்கம் என்ன?' என்று கேட்டுத் தீர்ப்புச் சொன்னார். சாட்சி மாறினால் வழக்கமும் மாறியது!

இதற்குப் பெயர் பெற்ற எடுத்துக்காட்டு 1908-ஆம் ஆண்டின் 'ஆறு விதவைகள் வழக்கு'. செல்வந்தரான ஒரு சீனர் இறந்தார். நான்தான் மனைவி, நான்தான் மனைவி என்று ஆறு பெண்கள் நீதிமன்றம் வந்தார்கள். ஆங்கிலச் சட்டமோ ஒரு மனைவியைத்தான் அறியும். சீன வழக்கத்தைப் பற்றிச் சாட்சியங்கள் கேட்கப்பட்டன. மனைவி என்று மெய்ப்பித்தவர்களுக்குள் விதவையின் பங்கு பகிரப்பட வேண்டும் என்று முடிவாயிற்று. இந்த வழக்கிலிருந்து ஒன்றை நாம் குறித்துக்கொள்ள வேண்டும். ஆறு பெண்களும் அந்த மனிதரோடு வாழ்ந்ததாகச் சொன்னார்கள். ஆனால் வாழ்ந்த வாழ்க்கை மட்டும் போதவில்லை; கணவர் கண் மூடிய பிறகு அதை மெய்ப்பிக்கும் பாரம் அந்தப் பெண்கள் தலையில் விழுந்தது.

முஸ்லிம்களுக்கு 1880-இல் ஒரு திருமணச் சட்டம் வந்திருந்தது. ஆயினும் அது மிகச் சிறியது. இந்துக்களின் திருமணமோ பெரும்பாலும் வழக்கத்தையே நம்பியிருந்தது. மஞ்சள் கயிறும் ஊரார் சாட்சியும் போதும் என்றே நம்மவர் இருந்தார்கள். ஊரார் ஒன்றாக இருக்கும்வரை அது போதுமானதாகவும் இருந்தது. ஊர் கலைந்த பிறகு, சாட்சிகள் இறந்த பிறகு, கடல் கடந்து வேறு நாட்டுக்கு வந்த பிறகு அது போதவில்லை.

அகமது இப்ராஹிம் வழக்கறிஞராக நுழைந்த உலகம் இதுதான். அங்கே அவர் சந்தித்த மிகக் கடினமான வழக்கு 1950-இல் வந்தது. மரியா ஹெர்தோக் என்ற பெண் ஜாவாவில் டச்சுக் குடும்பத்தில் பிறந்தவர். ஜப்பானியர் காலத்தில் அமினா என்ற மாது அவரைத் தம் மகளாக வளர்த்தார். போர் முடிந்த பிறகு, 1949-இல், திரங்கானு மாநிலத்தின் கெமாமானில் அந்தச் சிறுமி இருப்பது தெரியவந்தது. பெற்ற தாய் தந்தையர் பிள்ளையைக் கேட்டார்கள். வளர்த்த தாய் தர மறுத்தார். வழக்கு சிங்கப்பூர் நீதிமன்றத்துக்கு வந்தது. இடையில், 1950 ஆகஸ்டு 1-ஆம் நாள், பதின்மூன்றே வயதான அந்தச் சிறுமிக்கு மன்சூர் அடாபி என்ற இளைஞரோடு இஸ்லாமிய முறைப்படி திருமணமும் நடந்துவிட்டது. அமினா, மன்சூர் தரப்பில் வாதாடிய வழக்கறிஞர்களுள் அகமது இப்ராஹிமும் ஒருவர்.

டிசம்பர் 2-ஆம் நாள் தீர்ப்பு வந்தது. தந்தை டச்சு நாட்டவர். ஆகவே மகளுக்கும் அந்நாட்டுச் சட்டமே பொருந்தும். அச்சட்டப்படி இத்திருமணம் செல்லாது. பிள்ளை பெற்றோரிடம் போக வேண்டும். இதுதான் தீர்ப்பின் சாரம். பத்திரிகைகளில் வந்த படங்களும் செய்திகளும் மக்கள் மனத்தை மேலும் கொதிக்கச் செய்தன. டிசம்பர் 11-ஆம் நாள் நீதிமன்றத்தின் எதிரே கூடிய கூட்டம் கட்டுமீறியது. மூன்று நாள் கலவரத்தில் 18 பேர் உயிரிழந்தார்கள். 173 பேர் காயமுற்றார்கள்.

பதின்மூன்று வயதில் திருமணம் என்பதை இன்று நம்மில் யாரும் ஏற்கமாட்டோம். அது வேறு கேள்வி. ஆனால் அந்த நாட்களில் தெளிவாகத் தெரிந்த ஓர் உண்மை உண்டு. ஒரு சமூகம் தன் வாழ்வை ஒரு சட்டப்படி நடத்துகிறது. நீதிமன்றம் வேறொரு சட்டப்படி தீர்ப்புச் சொல்கிறது. இரண்டுக்கும் இடையில் பாலம் இல்லை. பாலம் இல்லாத இடத்தில் விழுந்து மாண்டவர்கள் வீதியில் நின்ற சாதாரண மக்கள்.

அந்தப் பாலத்தைக் கட்டும் பணியே 1950-களின் நடுவிலிருந்து சிங்கப்பூரில் நடந்தது. 1957-இல் முஸ்லிம்கள் சட்டம் நிறைவேறியது. அதன்படி 1958 நவம்பரில் ஷரியா நீதிமன்றம் திறக்கப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டுகளில் முஸ்லிம்களிடையே மணவிலக்கு மிகுந்திருந்தது. பதிவான திருமணங்களோடு ஒப்பிட்டால் மணவிலக்கு ஏறத்தாழப் பாதியாக இருந்தது. கணவர் தம் விருப்பப்படி மனைவியை விலக்கிவிட்டுப் பதிவு செய்துகொள்வது எளிதாயிருந்தது. புதிய ஏற்பாட்டில், மனைவி இசையாவிட்டால் காதி அதைப் பதிவு செய்ய முடியாது. நீதிமன்றம் சென்று இரு தரப்பும் பேச வேண்டும். இந்த ஒரு வாசலைக் கடக்கச் செய்ததாலேயே மணவிலக்குகள் வெகுவாகக் குறைந்தன. மதத்தை மாற்றாமல், நடைமுறையை ஏட்டில் எழுதியதால் பெண்களுக்குக் கிடைத்த பாதுகாப்பு அது.

அரசுச் சட்டப் பணியில் சேர்ந்திருந்த அகமது இப்ராஹிம், சிங்கப்பூர் சுயாட்சி பெற்ற 1959-இல் அரசின் தலைமைச் சட்ட அதிகாரியானார். அதற்கு முன் அப்பொறுப்பு பிரிட்டிஷ் அதிகாரிகளின் கையில் இருந்தது. ஒரு மசோதா மன்றத்துக்குப் போகுமுன் அதன் ஒவ்வொரு வரிக்கும் பொறுப்பேற்கும் அலுவலகம் அது.

அந்த அலுவலகத்தின் காலத்தில் வந்த சட்டங்களுள் தலையாயது 1961-ஆம் ஆண்டின் மாதர் சாசனம். அதற்காகப் போராடியவர்கள் பலர். பம்பாயில் பிறந்து சிங்கப்பூருக்கு வந்த ஷிரின் ஃபொஸ்தார் அம்மையார், 1952-இல் தோன்றிய சிங்கப்பூர் மாதர் மன்றத்தின் வழியே பலதார மணத்தை எதிர்த்து ஓயாமல் குரல் கொடுத்தார். சட்டமன்றத்தில் சான் சோய் சியோங் அம்மையார் அக்குரலை ஒலித்தார். 1961 மே 24-ஆம் நாள் நிறைவேறிய அச்சட்டம் செப்டம்பர் 15-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது.

அந்தச் செப்டம்பர் 15 சிராங்கூன் சாலைத் தமிழ்க் குடும்பங்களில் என்ன மாற்றத்தைச் செய்தது? அன்றுவரை வழக்கப்படி நடந்த திருமணங்கள் பதிவானவையாகவே கருதப்பட்டன. யாருடைய குடும்பமும் கலைக்கப்படவில்லை. ஆனால் அன்றிலிருந்து, முஸ்லிம்கள் அல்லாத எவருக்கும் ஒரு நேரத்தில் ஒரே மனைவி, ஒரே கணவர். திருமணம் பதிவேட்டில் ஏற வேண்டும் என்றும் சட்டம் சொன்னது. கோயிலில் தாலி கட்டுவதை யாரும் தடுக்கவில்லை. தாலியோடு ஒரு கையெழுத்தும் வேண்டும் என்றார்கள். அந்தக் கையெழுத்து நாளை அந்தப் பெண் ஜீவனாம்சம் கேட்கும்போதும், கணவரின் சொத்தில் பங்கு கேட்கும்போதும் அவள் பக்கம் நின்று பேசும். சாட்சிக்காக ஊர் ஊராக அலைய வேண்டியதில்லை.

1965 ஆகஸ்டு 9-ஆம் நாள் சிங்கப்பூர் தனி நாடானது. அகமது இப்ராஹிம் அதன் முதல் தலைமைச் சட்ட அதிகாரியாகத் தொடர்ந்தார். அவருடைய பெயரோடு என்றும் இணைத்துப் பேசப்படும் முஸ்லிம் சட்ட நிர்வாகச் சட்டம் 1966 ஆகஸ்டில் நிறைவேறி, 1968 ஜூலை 1-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன்வழி சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றமான முயிஸ் பிறந்தது. பள்ளிவாசல்கள், வக்ஃபு எனப்படும் அறச்சொத்துகள், ஜகாத், ஷரியா நீதிமன்றம், திருமணப் பதிவு எல்லாம் ஒரே சட்டத்தில் ஒழுங்காகக் கோக்கப்பட்டன.

இங்கே நாம் சிறிது நேரம் லிட்டில் இந்தியாவில் நடந்து பார்ப்போம். டன்லப் தெருவில் உள்ள அப்துல் கஃபூர் பள்ளிவாசலைப் பலர் கண்டிருப்பீர்கள். அது யார் பெயரால் விளங்குகிறது தெரியுமா? ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்த ஷேக் அப்துல் கஃபூர் என்பவர் பெயரால். சட்டத் தாள்களோடு பழகிய ஒரு மனிதர், பக்தியோடு அறக்கட்டளையின் அருமையையும் அறிந்திருந்ததில் வியப்பில்லை. 1907-இல் தொடங்கிய அக்கட்டடம் 1927-இல் நிறைவு பெற்றது. 1979-இல் தேசிய நினைவுச் சின்னமானது. அங்கிருந்து சிராங்கூன் சாலையில் நடந்தால் ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயில் வருகிறது. இந்துக்களும் முஸ்லிம்களும் இங்கே எழுப்பிய அறச்சொத்துகளுக்காகக் காலனி அரசு 1905-இல் இயற்றிய சட்டம் ஒன்றே ஒன்றுதான். இரு சமயத்தாருக்கும் பொதுவான ஒரு வாரியமும் அதன்படி ஏற்பட்டது. சுதந்திரத்துக்குப் பிறகுதான் அது பிரிந்தது. முஸ்லிம் அறச்சொத்துகள் முயிஸ் பொறுப்புக்கு வந்தன. 1968-ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த இந்து அறக்கட்டளை வாரியம், சீனிவாசப் பெருமாள் கோயிலையும் சவுத் பிரிட்ஜ் சாலையின் மாரியம்மன் கோயிலையும் இன்னும் சில கோயில்களையும் நிர்வகிக்கிறது. கோபுரம் கல்லாலும் சுண்ணாம்பாலும் நிற்கிறது. ஆனால் அதன் நிலமும் வருமானமும் தலைமுறை தலைமுறையாகக் காக்கப்படுவது ஏட்டால்.

1960-களின் பிற்பகுதியில் அகமது இப்ராஹிம் கெய்ரோவில் சிங்கப்பூரின் தூதராகப் பணி புரிந்தார். பிறகு வேறு வழியில் சென்றார். 1969-இல் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1972-இல் அங்கே சட்டத்துறை தனியாகத் தொடங்கியபோது அதன் தலைவரானார். 1983-இல் அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகம் ஏற்பட்டபோது அதன் சட்டத்துறையையும் அவரே உருவாக்கினார். அந்தத் துறை இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் ஆயிரக்கணக்கான வழக்கறிஞர்களும் நீதிபதிகளும் அவருடைய நூல்களைப் படித்துத் தேறியவர்கள். 1999 ஏப்ரல் 17-ஆம் நாள் அவர் மறைந்தார்.

வரலாற்றறிஞராக அவர் செய்தது என்ன? 1970-இல் சிங்கப்பூரில் அவர் ஆற்றிய ஒரு நினைவுச் சொற்பொழிவின் தலைப்பே மலேசிய, சிங்கப்பூர்ச் சட்டங்களின் வரலாற்றை நோக்கி என்பதுதான். அதுவரை சட்டப் புத்தகங்கள் பெரும்பாலும் 1826-ஆம் ஆண்டுச் சாசனத்திலிருந்தே கதையைத் தொடங்கின. வெள்ளைக்காரர் வருமுன் இங்கே சட்டமே இல்லாதது போல ஒரு தோற்றம். அகமது இப்ராஹிம் அதற்குப் பின்னே போனார். மலாக்கா சுல்தான்களின் காலத்தில், 15-ஆம் நூற்றாண்டில், கப்பல் வணிகத்துக்கும் நிலத்துக்கும் குற்றத்துக்கும் எழுதப்பட்ட சட்டங்கள் இருந்தன என்பதை எடுத்துக்காட்டினார். மாநிலம் மாநிலமாகச் சிதறிக் கிடந்த சட்டங்களையும் பழைய தீர்ப்புகளையும் திரட்டி, ஒப்பிட்டு, வரிசைப்படுத்தினார்.

அவர் முக்கியமாகக் கருதிய தீர்ப்புகளுள் ஒன்று 1927-இல் சிலாங்கூரில் எழுந்த வழக்கு. கணவரும் மனைவியும் சேர்ந்து தேடிய சொத்தில் விதவைக்குப் பங்கு உண்டா என்பது கேள்வி. கீழ் நீதிமன்றம் வழக்கம்போல் சாட்சிகளைக் கூப்பிட்டுச் சட்டத்தைக் கேட்டது. மேல்நிலை நீதிமன்றம் அதைத் தவறென்றது. முஸ்லிம் சட்டம் இங்கே வெளிநாட்டுச் சட்டம் அன்று. இந்த மண்ணின் சட்டம். அதை நீதிமன்றமே அறிந்திருக்க வேண்டும் என்று கூறியது. ஒரு விதவை கேட்ட பங்கிலிருந்து இவ்வளவு பெரிய கொள்கை பிறந்தது. பழைய ஏடுகளில் உறங்கிக் கிடந்த இத்தகைய தீர்ப்புகளுக்கு அவர் உயிர் கொடுத்தார்.

அவருடைய கருத்துகள் எல்லாவற்றையும் எல்லாரும் ஏற்றார்கள் என்பதற்கில்லை. 1988-இல் மலேசிய அரசமைப்புச் சட்டத்தின் 121-ஆம் பிரிவில் ஒரு திருத்தம் வந்தது. ஷரியா நீதிமன்றத்தின் அதிகாரத்துக்கு உட்பட்ட விஷயங்களில் உயர் நீதிமன்றங்கள் தலையிடா என்பது அதன் சாரம். அவர் அதை ஆதரித்து எழுதினார். ஒரு நீதிமன்றத்தின் தீர்ப்பை இன்னொன்று கலைக்கக் கூடாது என்பது அவர் நோக்கம். ஆனால் கணவர் மதம் மாறி மனைவி மாறாத குடும்பங்களில், எந்த வாசலைத் தட்டுவது என்று தெரியாமல் தாய்மார் பல ஆண்டுகள் அலைந்ததையும் நாம் கண்டோம். அவர்களில் இந்து சமயத்தைச் சேர்ந்த நம் தாய்மாரும் உண்டு. இறுதியில் 2018 ஜனவரியில் கூட்டரசு நீதிமன்றம், வயதுவராத பிள்ளைகளை மதம் மாற்றத் தாய் தந்தை இருவரின் இசைவும் வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஒரு பாலத்தைக் கட்டும்போது இருபுறத்துக் கரையையும் பார்க்க வேண்டும் என்பதை இந்த வரலாறு கற்பிக்கிறது. சட்டத்தை எழுதும் கை எவ்வளவு படித்த கையானாலும், அது யாரைத் தொடும் என்பதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. அப்படிக் கேட்பது நம் உரிமை, நம் கடமையுங்கூட.

நேயர்களே, இந்த வரலாறு நம் வீட்டு வாசலுக்கே வரும் இடம் ஒன்று உண்டு. சிங்கப்பூரில் 1961-இல் நடந்த மாற்றம் மலேசியாவில் 1982-இல் வந்தது. 1976-இல் இயற்றப்பட்ட திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் 1-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் வழக்கப்படி நடந்த திருமணங்கள் பதிவானவையாகக் கருதப்படும். அதற்குப் பின் முஸ்லிம் அல்லாதவர் திருமணம் பதிவாகியே தீர வேண்டும். கோயில்களிலேயே திருமணத் துணைப் பதிவாளர்களும் நியமிக்கப்பட்டார்கள்.

ஆனால் தோட்டங்களில் பலருக்கு இச்செய்தி எட்டவில்லை. எட்டியவர்களிலும் சிலர் அசட்டையாக இருந்தார்கள். 'ஊரறியத் தாலி கட்டினோம், இன்னும் எதற்குத் தாள்?' என்றார்கள். ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டுப் பட்டணத்துக்குப் பஸ் ஏற வேண்டுமே என்று தயங்கியவர்களும் உண்டு. விளைவு என்ன? அவர்களுக்குப் பிறந்த பிள்ளை, சட்டத்தின் கண்ணில் திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளையாகிறது. அப்பிள்ளையின் குடியுரிமை தந்தையைக் கொண்டு அன்று, தாயைக் கொண்டே தீர்மானிக்கப்படுகிறது. தாய்க்கே உரிய பத்திரம் இல்லையென்றால், தந்தை மலேசியக் குடிமகனாக இருந்தாலும், பிள்ளை நாடற்றதாக நிற்கக் கூடும். பள்ளியில் சேர்க்க, மருத்துவமனையில் காட்ட, பிறகு வேலைக்கு, பிறகு அப்பிள்ளையின் சொந்தத் திருமணத்துக்கு என்று ஒவ்வொரு வாசலிலும் அந்தத் தாள் கேட்கப்படும். பெற்றோர் தவறவிட்ட ஒரு கையெழுத்துக்காகப் பிள்ளை அரை ஆயுள் அலைகிறது.

தோட்டம் துண்டாடப்பட்டு லயங்கள் இடிக்கப்பட்ட பின் இந்தத் துன்பம் கூடியது. தோட்டத்தில் இருந்தவரை கிராணியாருக்கு நம்மைத் தெரியும், கங்காணிக்குத் தெரியும், கோயில் பூசாரிக்குத் தெரியும். பட்டணத்து அடுக்குமாடிக்கு வந்த பிறகு நம்மை அறிந்தது தாள் ஒன்றே. ஆறு விதவைகள் வழக்கில் அந்தப் பெண்கள் பட்ட பாடும் இதுதான் என்பதை எண்ணிப் பாருங்கள். அது கோடீஸ்வரர் வீடு, இது பால்வெட்டுத் தொழிலாளர் வீடு என்பதைத் தவிர வேறுபாடு ஏதுமில்லை.

ஆகவே இந்த வாரம் ஒரு காரியம் செய்வோம். நம் வீட்டுப் பத்திரங்களை எடுத்துப் பார்ப்போம். பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்தில் தந்தையின் பெயர் உள்ளதா? பெயர்கள் அடையாள அட்டையில் உள்ளபடியே எழுதப்பட்டிருக்கின்றனவா? திருமணச் சான்றிதழ் இருக்கிறதா? இல்லையென்றால், பதிவு அலுவலகத்தை நாடுவதற்கு இன்னும் காலம் கடந்துவிடவில்லை. எழுதப் படிக்கத் தெரிந்த மகனோ மகளோ உடன் போகட்டும். பெரியவர்கள் வீட்டில் இருந்தால், அவர்கள் எந்த ஊரிலிருந்து, எந்தக் கப்பலில், எந்தத் தோட்டத்துக்கு வந்தார்கள் என்பதையும் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்வோம். அதுவும் ஒருவகைப் பத்திரந்தான். நாளை நம் சமூகத்தின் வரலாற்றை எழுத வருபவருக்கு அது பயன்படும்.

ஒரு காலத்தில் சட்டம் நம்மைச் சிறைக்கு அனுப்புவதற்காக எழுதப்பட்டது. அதே சட்டத்தைப் படித்து, அதன் வரலாற்றைத் தேடி, அதைத் தாமே எழுதும் இடத்துக்கு உயர்ந்தார் அகமது இப்ராஹிம். நம் பிள்ளைகளில் ஒருவரும் நாளை அந்த இடத்தில் அமரலாம். அதற்கு அந்தப் பிள்ளை முதலில் பள்ளிக்குப் போக வேண்டும். பள்ளிக்குப் போக அதற்கு ஒரு பிறப்புப் பத்திரம் வேண்டும்.